பக்கத்து மேசையில் ஒரு காதுமூடி

ஜனவரி 11

அக்கா,

ஃபோனில் பேசினால் மூன்றாவது வாக்கியத்திலேயே நமக்குள் சண்டை வந்துவிடுகிறது. அதனால் இனிமேல் கடிதம்தான் என்று நான் சொன்னபோது, "எழுதித்தான் பாரேன், எத்தனை நாளைக்குன்னு பாக்கலாம்" என்று சிரித்தாய். இதோ, எழுதிவிட்டேன்.

வீடு கிடைத்துவிட்டது. ஒரே அறை, ஓரத்தில் சமையல், ஜன்னலைத் திறந்தால் எதிர்க் கட்டடத்தின் ஏ.சி. பெட்டிகள். கதவுக்கு உள்ளே தாழ்ப்பாள் இருக்கிறது. வந்த அன்று அதைப் போட்டுப் போட்டுத் திறந்து பார்த்தேன். உனக்குக் கோபம் வரும் என்று தெரிந்தே இதை எழுதுகிறேன். முப்பத்து மூன்று வயதுக்காரி வெளியே போய்விட்டு வீடு திரும்பினால், அவள் அறைக் கதவிலும் குளியலறைக் கதவிலும் தாழ்ப்பாள் இருந்த இடத்தில் ஓட்டைகள். அத்தான் திருப்புளியும் கையுமாக நின்று, "உங்க அக்காதான்..." என்று அசடு வழிகிறார். எனக்கு வலிப்பு இருப்பதை நான் மறக்கவில்லை, அக்கா. அதை ஒரு நிமிஷமும் மறக்கவிடாத வீட்டில்தான் இருக்க முடியவில்லை.

சரி, விடு. வேலையைப் பற்றிச் சொல்கிறேன்.

இந்த அறைக்குள்ளேயே உட்கார்ந்து நாள் முழுக்க ஈரலும் குடலும் வரைந்தால் பைத்தியம் பிடித்துவிடும். அதனால் பக்கத்துத் தெருவில் ஒரு கோ-வொர்க்கிங் இடத்தில் மேசை எடுத்திருக்கிறேன். உனக்குப் புரியும்படி சொன்னால், முதலாளி இல்லாதவர்கள் எல்லாம் மாத வாடகை கொடுத்து, முதலாளி இருப்பதுபோல் நேரத்துக்கு வந்து உட்காருகிற பெரிய கூடம். முதல் மாடி. நீள மேசைகள், ஆளுக்கொரு பூட்டுப் பெட்டி, ஒரு காபி இயந்திரம், ஃபோன் பேச இரண்டு கண்ணாடிப் பெட்டிகள். உள்ளே போனால் வெளியே கேட்காது என்று நம்பி ஒருவர் தினமும் விவாகரத்து வக்கீலிடம் கத்துகிறார். சோபா யாருக்கு என்ற பிரச்சினை எங்கள் எல்லோருக்கும் அத்துப்படி. என் வாக்கு அவர் மனைவிக்கு.

வரவேற்பில் ஒரு பெண். இடுப்பில் எப்போதும் சாவிகள் குலுங்கும். நான் சாவிக்கொத்து என்று பெயர் வைத்திருக்கிறேன். நல்லவள், வாய் ஓயாது. "சாப்டீங்களா, தூங்குனீங்களா" என்று எல்லோரையும் கேட்பாள். என் பக்கத்து மேசைக்காரர்தான் ஒரு மாதிரி. ஐம்பது வயதிருக்கும். காலையில் வந்து பெரிய ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டால் மாலைவரை கழற்றுவதில்லை. ஆனால் அதன் வயர் எதிலும் செருகப்படாமல் தொங்கிக்கொண்டிருக்கிறது! ஒன்றும் கேட்காத ஹெட்ஃபோனை ஒரு மனுஷன் எதற்கு மாட்டவேண்டும்? மற்றவர்கள், இவருக்குக் கேட்காது என்று நினைத்துப் பேசட்டும் என்பதற்காகவா? அவருக்குக் காதுமூடி என்று பெயர்.

மாத்திரை ஒழுங்காகப் போடுகிறேன். நீ கேட்பதற்கு முன்பே சொல்லிவிட்டேன்.

தங்கை


ஜனவரி 20

சின்னவளே,

கடிதம் வந்தது. உன் அத்தான்தான் முதலில் எடுத்தார். படித்துவிட்டு, "என்னை அசடுன்னு எழுதியிருக்கா" என்று இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். உனக்காகத் திருப்புளி பிடித்த மனுஷனுக்கு இதுதான் மரியாதை.

தாழ்ப்பாளைப் பற்றி நீ எழுதுகிறாய். அந்தக் குளியலறைக் கதவை உடைத்தது யார் என்று எழுதவில்லை. உள்ளே குழாய் ஓடிக்கொண்டே இருந்தது. நான் கூப்பிட்டேன், தட்டினேன், நீ பேசவில்லை. கதவை உடைத்துக்கொண்டு போய்ப் பார்த்தபோது நீ கிடந்த கோலம் உனக்குத் தெரியாது. உனக்கு நினைவே இல்லை. எனக்கு இருக்கிறது. இன்றும் எங்காவது குழாய் ஓடுகிற சத்தம் கேட்டால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு எழுந்துவிடுகிறேன். மருத்துவமனை மருந்தகத்தில் மாத்திரை எடுத்துக் கொடுத்துக்கொண்டே இருக்கும்போதுகூட இப்படி ஆகிறது. கூட வேலை செய்கிற பெண்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

நீ சொல்கிற அந்த வாடகை மேசை எனக்குப் பிடிக்கவில்லை. முன்பின் தெரியாத நாலு பேர் நடுவில், அதுவும் முதல் மாடியில். அங்கே யாருக்காவது உன் விஷயம் தெரியுமா? சொல்லியிருக்கமாட்டாய். உன்னை எனக்குத் தெரியாதா?

அந்தக் காதுமூடி ஆள் விஷயத்தில் ஜாக்கிரதை. வேலை இருக்கிறவன் வேலையைப் பார்ப்பான். ஒட்டுக் கேட்கிறவன்தான் கேட்காததுபோல் இருப்பான். வங்கி விவரம் எல்லாம் அங்கே வைத்துப் பேசாதே. அல்லது நீ அவரைப் பற்றி இவ்வளவு எழுதுவதற்கு வேறு ஏதாவது காரணமா? இருந்தால் இப்போதே சொல்லிவிடு. பிறகு எனக்கு அதிர்ச்சி தாங்காது.

என்ன படம் வரைகிறாய், யாருக்கு வரைகிறாய்? இதையாவது சொல்லலாம் அல்லவா.

அக்கா


பிப்ரவரி 6

அக்கா,

வேறு காரணமா? அவருக்கு வழுக்கை. மதியம் மேசையில் உட்கார்ந்தே குறட்டை விடுவார். நீ பயப்படாதே.

நல்ல சேதி முதலில். பெரிய வேலை ஒன்று கிடைத்திருக்கிறது. செயற்கை முழங்கால் மூட்டு செய்கிற கம்பெனி. உன் மருத்துவமனைக்குக்கூட அவர்கள் ஆள் வருவாரே, நீலக் கோட்டுக்காரர், அதே கம்பெனிதான். புதிய மூட்டு ஒன்று இன்னும் விற்பனைக்கு வரவில்லை. அதை எப்படிப் பொருத்துவது என்று அறுவை மருத்துவர்களுக்கான கையேடு தயாராகிறது. எலும்பை எங்கே வெட்ட வேண்டும், எந்தத் தசைநாரைத் தொடக்கூடாது என்று படிப்படியாக நான் வரைய வேண்டும். வெளியே மூச்சு விடமாட்டேன் என்று கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். இந்த ஒரு வேலை நன்றாக முடிந்தால் அடுத்து இடுப்பு, தோள் என்று வருஷக்கணக்கில் வேலை வரும். மற்றவர்களின் மூட்டு தேயத் தேய எனக்குச் சோறு.

இனி கெட்ட சேதி. யாரோ என்னை நோட்டம் விடுகிறார்கள்.

கற்பனை என்று சொல்லிவிடாதே. போன வாரம் என் பூட்டுப் பெட்டியைத் திறந்தேன். மாத்திரை டப்பா பையின் மேலே கிடந்தது. நான் அதை எப்போதும் அடியில்தான் வைப்பேன். ஒருவேளை நானே அவசரத்தில் மேலே போட்டேனோ, தெரியவில்லை. பிறகு ஒரு காலை வந்து பார்த்தால் என் மேசையையே மாற்றியிருக்கிறார்கள். மாடிப்படிப் பக்கம் இருந்தவளை வரவேற்புக்கு நேர் எதிரே கொண்டுவந்து போட்டிருந்தார்கள். கேட்டால் சாவிக்கொத்து, "அங்க வயரிங் ரிப்பேர் மேடம்" என்றாள். எந்த எலக்ட்ரீஷியனும் வந்து நான் பார்க்கவில்லை. காதுமூடியும் இரண்டு நாளில் தன் மேசையை விட்டு இங்கே எனக்கு எதிரே வந்து உட்கார்ந்துவிட்டார். வேறு காலி மேசை இல்லாததுபோல!

அவர் என்னைப் பார்க்கிறார், அக்கா. ஆண்கள் பார்ப்பார்களே, அந்தப் பார்வை இல்லை. அதுவாக இருந்தால் எனக்குச் சமாளிக்கத் தெரியும். இது பால் பொங்குகிறதா என்று அடுப்பைப் பார்க்கிற மாதிரிப் பார்வை. நான் நிமிர்ந்தால் உடனே குனிந்துகொள்கிறார். அவர் காபி எடுக்கப் போனபோது நானும் அவர் திரையை எட்டிப் பார்த்தேன். ஒரு படமில்லை, ஒரு வாக்கியமில்லை. வரிசை வரிசையாக நான்கு இலக்க எண்கள்தான். 0612, 0627, 0642 என்று பக்கம் முழுக்க. நேர்மையான மனுஷன் எவனாவது இப்படி எழுதுவானா? அது ஏதோ சங்கேத மொழி என்றுதான் எனக்குத் தோன்றியது. என் திரையில் இருப்பது வெளிவராத மூட்டு. அதன் ஒரு படம் போட்டிக் கம்பெனிக்காரன் கைக்குப் போனாலும் என் பிழைப்பு போச்சு.

பக்கவாட்டிலிருந்து பார்த்தால் படம் தெரியாதபடி மறைக்கிற கறுப்புத் தாள் ஒன்று வாங்கித் திரையில் ஒட்டியிருக்கிறேன். அதிலிருந்து தலைவலி வேறு.

தங்கை


பிப்ரவரி 14

சின்னவளே,

நீ எழுதியதைப் படித்ததிலிருந்து எனக்கு மனசு சரியில்லை. அந்த ஆளிடம் நேராகக் கேட்டுவிடு. நாலு பேர் இருக்கும்போது கேள். தனியாகக் கேட்காதே. குற்றமுள்ளவன் என்றால் முகத்தில் தெரிந்துவிடும்.

மேசை மாற்றியது ஒரு விதத்தில் நல்லதுதான் என்று எனக்குப் படுகிறது. மாடிப்படி ஓரம் உனக்கெதற்கு?

எனக்கு உன் உடம்புதான் கவலை. காலையில் வெறும் காபியோடு சரியாம். மதியமும் எல்லோரும் எழுந்து போன பிறகு பிஸ்கெட்டைக் கொறிக்கிறாயாம். சில நேரம் கூப்பிட்டால் உன் காதில் விழுவதே இல்லையாம். பேனாவைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருக்கிறாயாம். மாத்திரையை ஒரு வேளை விட்டாலும் என்ன ஆகும் என்று நான் உனக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வேலை எங்கே ஓடிப் போகிறது? கெடு கிடு என்று அவர்கள் நெருக்கினால் கொஞ்சம் தள்ளிப் போடச் சொன்னால் கேட்கமாட்டார்களா? மனுஷர்கள்தானே.

நீலக் கோட்டுக்காரர் நல்ல மாதிரி. போன வாரம்கூட மருந்தகத்துக்கு வந்திருந்தார்.

உன் அறைக் கதவில் தாழ்ப்பாளைத் திரும்பப் போட்டாயிற்று. அத்தான்தான் போட்டார். கொஞ்சம் கோணலாக இருக்கிறது, ஆனால் விழுகிறது. எப்போது வந்தாலும் நீ பூட்டிக்கொள்ளலாம்.

அக்கா


மார்ச் 2

அக்கா,

வேலை போய்விட்டது.

வியாழக்கிழமை காலை ஒரு மின்னஞ்சல் வந்தது. "தங்கள் உடல்நிலையைக் கருத்தில் கொண்டு, மீதமுள்ள படங்களை வேறொருவரிடம் ஒப்படைக்கிறோம். விரைவில் பூரண நலம் பெற வாழ்த்துகிறோம்." அவ்வளவுதான். உடல்நிலை என்ற சொல்லைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அவர்களுக்கு எப்படித் தெரியும்? இந்த ஊரில் எனக்கு வலிப்பு இருப்பது டாக்டரைத் தவிர ஒருவருக்கும் தெரியாது. உடனே ஃபோன் செய்தேன். "எங்களுக்கு உங்க மேல அக்கறைதாங்க மேடம்" என்று சொன்னார்கள். யார் சொன்னது என்பதை மட்டும் கடைசிவரை சொல்லவில்லை.

ஃபோனை வைத்துவிட்டு நிமிர்ந்தேன். எதிரே காதுமூடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நீ சொன்னபடியே செய்தேன். நாலு பேர் என்ன, கூடம் முழுக்க ஆட்கள் இருந்தார்கள். எழுந்து போய் அவர் ஹெட்ஃபோனை என் கையாலேயே கழற்றினேன். "என் டப்பாவைத் திறந்து பாத்தது நீங்கதானே? என் மாத்திரையோட பேரைக் கண்டுபிடிச்சு அவங்ககிட்ட சொன்னது நீங்கதானே? எவ்வளவு குடுத்தாங்க?" என்று கத்தினேன். கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த சோபாக்காரர்கூடப் பேச்சை நிறுத்திவிட்டார்.

அவர் எழுந்திருக்கவில்லை. கோபப்படவும் இல்லை. மெதுவான குரலில் சொன்னார்: "நான் பஸ் கம்பெனிகளுக்கு டைம் டேபிள் போடறவன்மா. எந்த வண்டி எத்தனை மணிக்குக் கிளம்பணும், அவ்வளவுதான் என் வேலை. உங்க டப்பாவை நான் தொட்டதில்லை. காதுல இரைச்சல் இருக்கு எனக்கு, சத்தம் ஆகாது. அதுக்குத்தான் இது."

"அப்ப எதுக்கு என்னையே பாக்கறீங்க?"

சுற்றிலும் ஒரு தடவை பார்த்தார். பிறகு எனக்கு மட்டும் கேட்கும்படி, "எங்க அண்ணனுக்கு இருந்துச்சு. உங்களுக்குத் தெரியுதோ இல்லையோ, சில நேரம் நீங்க அப்படியே நின்னு போயிடறீங்க. கை நின்னுடும். கண்ணு எங்கயோ இருக்கும். கூப்பிட்டா கேக்காது. அப்புறம் விட்ட இடத்துலேர்ந்து மறுபடி வரைய ஆரம்பிப்பீங்க. நாற்காலிலேர்ந்து சாஞ்சிட்டா பிடிக்க ஒரு ஆள் பக்கத்துல இருக்கட்டுமேன்னுதான் இங்க வந்து உக்காந்தேன். சொல்லியிருக்கணும். எந்த உரிமைல சொல்றதுன்னு தெரியலை" என்றார்.

நான் நம்பவில்லை. மாட்டிக்கொண்டவன் நல்லவனாக வேஷம் போடுகிறான் என்றுதான் நினைத்தேன். என் மாத்திரை ஒழுங்காக வேலை செய்கிறது. எனக்கு அப்படி ஆனால் எனக்கே தெரியாதா? "கதை விடாதீங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அவர் அப்போதே பையை எடுத்துக்கொண்டு கிளம்பிப் போனார். மறுநாளும் வரவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை.

அவர்தான் என்று நீயும் நினைக்கிறாய் அல்லவா?

தங்கை


மார்ச் 5

அக்கா,

உன் பதிலுக்குக் காத்திருக்காமல் எழுதுகிறேன்.

"கூப்பிட்டா கேக்காது." இந்த வார்த்தையை இதற்கு முன்பே எங்கோ கேட்டதுபோல் இருந்தது. ராத்திரி பகலாக மண்டையைக் குடைந்துகொண்டேன். இன்று உன் பிப்ரவரிக் கடிதத்தை எடுத்துப் பார்த்தேன்.

கொறிக்கிறாயாம். காதில் விழுவதில்லையாம். உட்கார்ந்திருக்கிறாயாம்.

இத்தனை 'ஆம்' எங்கிருந்து வந்தது? நான் காபி மட்டும் குடிப்பதை உனக்கு எழுதவில்லை. பிஸ்கெட்டைப் பற்றியும் எழுதவில்லை. பேனாவைப் பிடித்துக்கொண்டு அப்படியே இருப்பது எனக்கே தெரியாத விஷயம், அதை நான் எப்படி எழுதியிருக்க முடியும்? யாரோ உனக்குச் சொல்லியிருக்கிறார்கள். நானூறு மைல் தள்ளி இருக்கிற உனக்கு, என் மேசையில் நடப்பது என்னைவிட நன்றாகத் தெரிந்திருக்கிறது.

நீலக் கோட்டுக்காரர் மருந்தகத்துக்கு வந்திருந்தார் என்றும் எழுதியிருக்கிறாய். அன்று அவரிடம் என்ன பேசினாய்?

சுற்றி வளைக்காதே. ஆமா, இல்லை என்று மட்டும் எழுது.

தங்கை


மார்ச் 12

சின்னவளே,

ஆமாம்.

வேண்டுமென்றால் இதோடு கடிதத்தைக் கிழித்துப் போடு. இல்லை, கேட்கத் தைரியமிருந்தால் மேலே படி.

அந்தப் பெண், உன் சாவிக்கொத்து, அவளாகத்தான் முதலில் கூப்பிட்டாள். நீ அங்கே சேர்ந்தபோது அவசரத்துக்கு யாரைக் கூப்பிடுவது என்று கேட்டிருக்கிறார்கள். என் நம்பரைக் கொடுத்திருக்கிறாய். என்னோடு பேச்சே வேண்டாம் என்று போனவள் வேறு யார் நம்பரையும் கொடுக்கவில்லை. அதை நினைத்து நான் அன்று அழுதேன், தெரியுமா? ஜனவரி கடைசியில் அவள் கூப்பிட்டு, "உங்க தங்கச்சி படிக்கட்டு பக்கத்துல நின்னுட்டு, கூப்பிட்டா திரும்பவே இல்லை, பயமா இருக்கு" என்றாள். எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. அது சின்ன வலிப்பு. உனக்கே தெரியாமல் வந்து போகும். சொன்னால் நீ நம்பமாட்டாய். உன்னை அவமானப்படுத்துகிறேன் என்பாய். அதனால் அவளிடம், "மேசையை படிக்கட்டுலேர்ந்து மாத்துமா, மாத்திரை ஒழுங்கா குறையுதான்னு பாரும்மா, வாரத்துக்கு ஒரு தடவை எனக்கு ஃபோன் பண்ணு" என்றேன். மாற்றுச் சாவியால் பெட்டியைத் திறந்தது அவள்தான். திறக்கச் சொன்னது நான்.

நீலக் கோட்டுக்காரரிடமும் பேசினேன். கெடுதலாக ஒன்றும் சொல்லவில்லை. "என் தங்கச்சிதான் உங்களுக்குப் படம் வரையறா. கொஞ்சம் உடம்பு முடியாதவ, ரொம்ப நெருக்காதீங்க, தூக்கம் கெட்டா அவளுக்கு வலிப்பு வந்துரும்" என்றேன். அவரும் தலையை ஆட்டி, "கவலையேபடாதீங்க மேடம், நான் பாத்துக்கறேன்" என்றார். பார்த்துக்கொண்ட லட்சணம் இது என்று எனக்கு எப்படித் தெரியும்?

அந்த ஆளிடம் நாலு பேர் முன்னால் கேள் என்று எழுதியதும் நான்தான். உன்னைப் பார்க்கிறவள் ஒருத்தி இருக்கிறாள் என்று எனக்குத் தெரியும். ஆனால் வேறொருவனும் உன்னைப் பார்க்கிறான் என்று நீ எழுதியதும் எனக்கு நிஜமாகவே சந்தேகம் வந்துவிட்டது. நான் வைத்த காவல் போதாது என்று தோன்றியது. எனக்கு யார் மேலும் நம்பிக்கை இல்லை. உன் மேலும் இல்லை. இருந்தால் ராத்திரி தூங்கியிருப்பேனே.

மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று அத்தான் சொல்கிறார். வேலை போனதற்குக் கேட்கிறேன். பார்த்துக்கொண்டதற்குக் கேட்கமாட்டேன். அம்மா போனபோது உனக்குப் பதினோரு வயது. அன்றிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். எப்படி நிறுத்துவது என்று யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

அக்கா


ஏப்ரல் 3

அக்கா,

உன் கடிதத்துக்கு உடனே பதில் எழுதினேன். நான்கு பக்கம். நல்லவேளை, தபாலில் போடவில்லை. அதில் நீ பதில் சொல்லவே முடியாத சில வார்த்தைகள் இருந்தன.

நடந்ததை மட்டும் இப்போது சொல்கிறேன்.

முதலில் டாக்டரிடம் போனேன். பரிசோதனை செய்து பார்த்தார். காதுமூடி சொன்னது உண்மைதான். நீ சொன்னதும் உண்மைதான். ஒரு நாளில் பல தடவை நான் சில நொடிகள் இல்லாமல் போகிறேன், அக்கா. போய்த் திரும்பி வந்திருக்கிறேன் என்பதுகூடத் தெரியாமல் வரைந்துகொண்டிருந்திருக்கிறேன். மருந்தை மாற்றியிருக்கிறார். மாத்திரை டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்தில் இருந்த ஒரு பூங்கா பெஞ்சில் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். என் மேல் எனக்கிருந்த நம்பிக்கை ஆட்டம் கண்டது அன்றுதான். நீ ராத்திரிகளில் எப்படி இருந்திருப்பாய் என்பதும் அன்றுதான் கொஞ்சம் புரிந்தது. புரிந்ததால் நீ செய்தது சரியாகிவிடாது.

பிறகு காதுமூடியைத் தேடிப் போனேன். சாவிக்கொத்து விலாசம் கொடுத்தாள், அழுதுகொண்டே. அவளிடம் நான் கத்தவில்லை. "என் பெட்டியை இனிமே தொடாதே, என்ன கேக்கணுமோ என்கிட்டயே கேளு" என்று மட்டும் சொன்னேன். காதுமூடி நகரத்தின் மறு கோடியில் இன்னொரு வாடகை மேசையில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் தானாகவே ஹெட்ஃபோனைக் கழற்றிக் கையில் பத்திரமாகப் பிடித்துக்கொண்டார். மறுபடியும் பிடுங்கிவிடுவேன் என்று பயந்தாராம்!

"மன்னிச்சிடுங்க" என்றேன்.

"அங்க இருந்த எல்லாரும் என்னைத் திருடன்னு நினைக்கிறாங்கம்மா. அவங்ககிட்ட சொல்லுங்க. எனக்கு அது போதும்" என்றார்.

நியாயம்தானே? ஆனால் அதைச் சொல்லவேண்டுமென்றால் எல்லாவற்றையும் சொல்லவேண்டும். இரண்டு நாள் யோசித்தேன். திங்கட்கிழமை காலை எல்லோரும் காபிக்கு நிற்கும்போது போய் நின்றேன். "போன மாசம் நான் ஒருத்தரைத் தப்பா பேசிட்டேன். அவர் மேல எந்தத் தப்பும் இல்லை. எனக்கு வலிப்பு இருக்கு. அவர் அதைக் கவனிச்சார், அவ்வளவுதான்" என்றேன். ஆரம்பித்தாயிற்று, பாதியில் நிறுத்தமுடியவில்லை. நான் விழுந்தால் என்ன செய்யவேண்டும் என்பதையும் சொன்னேன். ஒருக்களித்துப் படுக்க வைக்கவேண்டும், வாயில் எதையும் திணிக்கக்கூடாது, கையைக் காலை அமுக்கிப் பிடிக்கக்கூடாது, ஐந்து நிமிஷத்துக்கு மேல் போனால் ஆம்புலன்ஸைக் கூப்பிடவேண்டும் என்று. சோபாக்காரர்தான் முதலில் வாய் திறந்தார். "தண்ணி குடுக்கலாமா?" "முழிச்சு நானா கேட்ட பிறகு குடுங்க" என்றேன். வேறு யாரும் ஒன்றும் கேட்கவில்லை. இரண்டு பேர் அன்று முழுக்க என் முகத்தைப் பார்க்காமல் நடந்தார்கள். பரவாயில்லை. மறைந்து நின்று பார்ப்பதற்கு இது தேவலை.

காதுமூடி திரும்ப வந்துவிட்டார். பேச்சு அதிகமில்லை. இன்னும் என் மேல் கொஞ்சம் வருத்தம்தான் என்று நினைக்கிறேன்.

முழங்கால் வேலை போனது போனதுதான். இப்போது கால்நடை மருத்துவப் புத்தகம் ஒன்றுக்குக் குதிரையின் காலை வரைகிறேன். குதிரைக்கு என் உடல்நிலையைப் பற்றிக் கவலையில்லை.

அவசரத்துக்கு என்று கொடுத்திருந்த உன் நம்பரை எடுத்துவிட்டேன். காதுமூடியின் நம்பரைக் கொடுத்திருக்கிறேன். இதைத் தண்டனை என்று எடுத்துக்கொள்ளாதே. எடுத்துக்கொள்வாய் என்று தெரியும்.

இனி அங்கே யாருக்கும் ஃபோன் செய்யாதே, அக்கா. என் கம்பெனிக்காரர்கள் யாரிடமும் பேசாதே. என்னைப் பற்றி ஏதாவது தெரியவேண்டுமென்றால் என்னிடம் கேள். இதில் ஒன்றை மீறினாலும் நான் அடுத்துக் குடிபோகிற வீட்டின் விலாசம் உனக்கு வராது.

தங்கை


ஏப்ரல் 15

சின்னவளே,

ஒரு தடவை மீறிவிட்டேன். நீயாகக் கண்டுபிடிப்பதற்கு முன்பு நானே சொல்லிவிடுகிறேன். உன் கடிதம் வந்த அன்றே அந்தப் பெண்ணைக் கூப்பிட்டேன். புது மருந்து ஒத்துக்கொள்கிறதா என்று மட்டும் கேட்கலாம் என்று. அவள், "மேடம், உங்க தங்கச்சிகிட்டயே கேளுங்க, ப்ளீஸ்" என்று சொல்லி வைத்துவிட்டாள். எனக்கு ஆத்திரமாக வந்தது. சாயங்காலம் யோசித்தபோது, அந்தப் பெண்ணுக்கு இருக்கிற புத்தி எனக்கு இல்லையே என்று தோன்றியது. அதற்குப் பிறகு கூப்பிடவில்லை. சத்தியமாக.

நம்பரை எடுத்தது சுடுகிறது. அந்த மனுஷர் நல்லவராக இருக்கலாம். ஆனால் யாரோ ஒருவர்தானே? சரி. எழுதக்கூடாது என்று நினைத்தேன், எழுதிவிட்டேன். அடித்துவிட்டாலும் நீ வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் படித்துவிடுவாய் என்று அப்படியே விட்டிருக்கிறேன்.

உன் பேச்சை எல்லோரும் கேட்டார்கள் என்று எழுதியிருந்தாய். அத்தானிடம் வாசித்துக் காட்டினேன். "ஒண்டியா நின்னு சொல்லியிருக்கா பாரு" என்றார்.

மூன்று கேள்வி மட்டும் கேட்கிறேன். உன்னிடமே கேட்கிறேன். புது மருந்தில் தலை சுற்றுகிறதா? தூக்கம் வருகிறதா? என் மேல் இன்னும் கோபமா?

கடைசிக் கேள்விக்குப் பதில் வேண்டாம்.

அக்கா


மே 7

அக்கா,

தலை சுற்றல் முதல் வாரம் இருந்தது, இப்போது இல்லை. தூக்கம் வருகிறது. கோபம் இருக்கிறது, ஆனால் தினமும் இல்லை.

இப்போது நான் சொல்லப்போவதைப் படிக்கும்போது உட்கார்ந்துகொள். நின்றுகொண்டு படிக்காதே.

நேற்று மதியம் கூடத்தில் விழுந்துவிட்டேன். பெரியதுதான். காபி எடுக்க எழுந்தது நினைவிருக்கிறது. அடுத்து நினைவிருப்பது தரை. தலைக்குக் கீழே யாருடைய கோட்டோ இருந்தது. என் பாவாடை கால்வரை இழுத்து விடப்பட்டிருந்தது. அதைத்தான் நான் முதலில் கவனித்தேன். சாவிக்கொத்து பக்கத்தில் மண்டியிட்டிருந்தாள். காதுமூடி கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, "மூணு நிமிஷத்துக்குள்ளயே நின்னுடுச்சு, ஆம்புலன்ஸ் வேண்டாம்" என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். மற்றவர்கள் எல்லோரும் முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொண்டிருந்தார்கள். ஏன் என்று முதலில் புரியவில்லை. நான் எழும்போது யாரும் வேடிக்கை பார்க்கக்கூடாது என்று சோபாக்காரர்தான் எல்லோரையும் திருப்பி நிறுத்தினாராம். எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு அழுகை வந்தது. அவர் திரும்பாமலே, "இப்ப தண்ணி குடுக்கலாமா?" என்று கேட்டார்.

சாவிக்கொத்து ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டு, "யாருக்காவது சொல்லணுமா மேடம்?" என்றாள். உன்னைக் கூப்பிட அவளுக்கு எவ்வளவு ஆசை இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும்.

"எங்க அக்காவுக்குச் சொல்லணும். நானே சொல்லிக்கறேன்" என்றேன்.

நேற்றே டாக்டரைப் பார்த்துவிட்டேன். காதுமூடி கூட வந்தார், வெளியே உட்கார்ந்திருந்தார். மருந்தின் அளவை மட்டும் கூட்டியிருக்கிறார்கள். இன்று காலை வழக்கம்போல மேசைக்கு வந்து இதை எழுதுகிறேன். கீழுதட்டில் ஒரு வெட்டு, தையல் இல்லை. வலது முழங்கையில் வீக்கம், மடக்க முடிகிறது. தலையில் அடியில்லை. இவ்வளவுதான். எதையும் குறைத்து எழுதவில்லை, அக்கா. நம்பு.

தங்கை